வீட்டிலேயே மூளைத் தூண்டல்: ஒற்றைத் தலைவலிக்குச் செய்து பார்த்த கணக்கு

2024 ஏப்ரல் 21
கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி): அம்மாவுக்குப் பத்து வருஷமாக ஒற்றைத் தலைவலி. மாதத்தில் பாதி நாள் இருட்டறையில் படுக்கை. தலையில் இரண்டு ஸ்பாஞ்சு வைத்து லேசாகக் கரண்ட் விட்டால் குறைகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். 9 வோல்ட் பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் போதுமாம். நானே செய்து கொடுக்கலாமா? யாராவது முயன்று பார்த்திருக்கிறீர்களா?

2024 ஏப்ரல் 21, இரவு
தம்பி, பேட்டரி வேண்டாம். எனக்கும் பதினோரு வருஷமாக இதே சீக்குதான். சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து எங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்படி இதே சிகிச்சையை வீட்டில் செய்யப் போகிறேன், ஆனால் அதற்கென்று செய்த கருவியில். அதுவரை மாத்திரை நாளையும் வலி நாளையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 23
பேட்டரி ஏன் கூடாது என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அண்ணன் மகன் மின்னணுப் பொருள் பழுது பார்க்கிறவன், அவன் விளக்கியதைச் சொல்கிறேன். தோலின் தடை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். காய்ந்த தோலில் அதிகம், ஈரம் ஊற ஊறக் குறையும். பேட்டரியும் ரெசிஸ்டரும் மட்டும் இருந்தால் தடை குறைந்ததும் கரண்ட் ஏறிவிடும். நல்ல கருவி தடையை அளந்துகொண்டே வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து 2 மில்லி ஆம்பியரிலேயே நிறுத்தி வைக்கும். ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றி, முடியும்போது மெதுவாக இறக்கும். ஸ்பாஞ்சு கழன்றால் தானே நிற்கும். பேட்டரிக்கு இதெல்லாம் தெரியாது. 2016இல் மூளை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து, வீட்டில் தாங்களே செய்துகொள்பவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். மின்சாரம் நாம் நினைத்த இடத்தோடு நிற்பதில்லை, ஒருவருக்குக் கிடைக்கும் விளைவு இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை என்பவை அதில் சொன்ன முக்கியமான விஷயங்கள்.

வலிப்பு நோய் இருப்பவர்கள், தலைக்குள் உலோகத் தகடோ கிளிப்போ வைத்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் கிட்டேயே போகக் கூடாது.

2024 மே 5
எண்ணும் விதம் பற்றி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் ஒற்றைத் தலைவலிக் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்டது என்று பெயர். தறிக்கூடத்துக்கு நூல் வியாபாரி கொடுத்த மாதக் காலண்டரில் வலி வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு நீலக் கோடு. ஏப்ரலில் 19 சிவப்பு, 16 நீலம்.

எழுதாமல் இருந்தபோது யாராவது கேட்டால் “வாரத்துக்கு ரெண்டு தடவை வருமுங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனசு அவ்வளவு மறக்கிறது.

2024 மே 19
நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் கருவி பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார். அதுவும் மூளைத் தூண்டல்தான் என்று அவசரத்தில் பதில் போட்டுவிட்டேன். தப்பு, திருத்திக்கொள்கிறேன். செஃபாலி என்ற அந்தக் கருவி புருவத்துக்கு மேலே ஓடும் நரம்பைத்தான் தூண்டுகிறது. பெல்ஜியத்தில் 67 பேருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், வலி நாள் பாதியாவது குறைந்தவர்கள் நிஜக் கருவிக்காரர்களில் 38 சதவீதம், போலிக் கருவிக்காரர்களில் 12 சதவீதம். 2014இல் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நெரிவியோ என்று இன்னொன்று, மேற்கையில் கட்டி 45 நிமிடம் வைப்பது. அதுவும் கை நரம்பு வழியாகத்தான் வேலை செய்கிறது, இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

நான் செய்யப் போவது டி.டி.சி.எஸ். மண்டையோட்டுக்கு மேலிருந்தே மூளையின் மேற்பரப்புக்கு நேர்மின்சாரம் அனுப்புவது. ஒற்றைத் தலைவலிக்கு இதற்கு அமெரிக்க அனுமதி கிடையாது. ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் சின்னச் சின்னவை. 2012இல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் செய்த ஒன்றில் இருந்ததே 13 பேர். தெரிந்துதான் இறங்குகிறேன்.

2024 ஜூன் 2
மே மாதக் கணக்கு: 20 சிவப்பு, 17 நீலம். கத்திரி வெயிலும் சேர்ந்துகொண்டது.

கோயமுத்தூரில் மூன்று நாள் பயிற்சி முடிந்தது. ஸ்பாஞ்சு வைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். தையல்காரர் டேப்பை எடுத்து மூக்கு மேட்டிலிருந்து பிடரி எலும்பு முடிச்சு வரை அளந்து பாதியைக் குறிக்க வேண்டும். பிறகு ஒரு காதிலிருந்து மறு காது வரை, உச்சி வழியாக. இரண்டும் சந்திக்கும் இடம் நடு உச்சி. காதுக்குக் காது எனக்கு 35 சென்டிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7 சென்டிமீட்டர், உச்சியிலிருந்து இடது பக்கம் இறங்கினால் கையை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேலே வருகிறது. எனக்கு வலி வலப் பக்கம் என்பதால் இடப் பக்கம் குறித்த அந்த இடத்தில் நேர்மின் ஸ்பாஞ்சு, வலது புருவத்துக்கு மேலே எதிர்மின் ஸ்பாஞ்சு. 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். உங்கள் அம்மாவுக்கு இதே இடம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே போனதே இல்லை நான். பூவும் செஷன் முடிந்த பிறகுதான்.

மாமியாருக்குப் பெரிய பயம். “அம்மிணி, பைத்தியத்துக்கு வெக்கற கரண்டுதானே அது?” என்று கண் கலங்கிவிட்டார். பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். அந்தச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து 800 மில்லி ஆம்பியர் அளவில் சில நொடி கொடுப்பார்கள், இது 2 மில்லி, நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன் என்று சொன்னேன். அது பைத்தியத்துக்கு மட்டுமல்ல, கடும் மனச்சோர்வில் உயிரைக் காப்பாற்றுகிற சிகிச்சை என்பதையும் சொன்னேன். பயிற்சியின் முதல் நாள் இருபது நிமிடமும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

2024 ஜூன் 9
முதல் வாரம் ஏழு நாளில் ஆறு நாள் வலி. வியாழக்கிழமை தறிக்கூடத்தில் பேரேட்டின் எழுத்தெல்லாம் நெளிந்தது, வாந்தி எடுத்து வீட்டுக்கு வந்தேன். இந்தக் கரண்ட்தான் மோசமாக்குகிறது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா என்று நாளை மருத்துவரைக் கேட்பேன்.

2024 ஜூன் 10
கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி “மாத்திரை எத்தனை போட்டீர்கள்?” ஜூன் 1இலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்தான் என்று அவர்தான் கட்டளை போட்டிருந்தார். அதை நான் இங்கே எழுதவே இல்லை, முக்கியம் என்று தோன்றவில்லை. வலி மாத்திரையை அடிக்கடி போட்டாலே அதனாலும் தலைவலி வரும்: பாராசிட்டமால் போன்ற தனி மாத்திரை என்றால் மாதம் 15 நாள், நான் போடும் கூட்டு மாத்திரை என்றால் 10 நாள், அதுதான் எல்லை. குறைக்கும்போது முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி கூடித்தான் பிறகு இறங்குமாம். நேற்று கரண்ட்மேல் போட்ட பழி அனேகமாக மாத்திரைக்கு உரியது.

2024 ஜூன் 13
நெற்றியில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி, சுற்றிச் சிவப்பு. புண் என்னால்தான் வந்தது. சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது, மெடிக்கல் ஷாப் மூடும் நேரம், எங்கள் போர் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து வைத்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று தெரியும், குடத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படியும். 'தொடர்பு சரியில்லை' என்று கருவி இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை ஸ்பாஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்து ஓட்டினேன். எரிச்சல் தெரிந்தும் பொறுத்துக்கொண்டேன். கழற்றிப் பார்த்தால் ஸ்பாஞ்சின் ஓரம் காய்ந்திருக்கிறது, கரண்ட் முழுக்க ஈரம் இருந்த சின்ன இடம் வழியாகப் போயிருக்கிறது.

சாதாரணத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தோல் புண்ணானது மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். சலைன் தவிர வேறு தண்ணீர் கூடாது, சிறுவாணித் தண்ணீராக இருந்தாலும். எரிந்தால் நிறுத்த வேண்டும். லேசான ஊசிக்குத்தல், அரிப்பு சகஜம்தான், எரிச்சல் அப்படி விடக்கூடியதல்ல. ஐந்து நாள் இடைவெளி விட்டு, விட்ட செஷன்களை மாத முடிவுக்குள் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

2024 ஜூன் 30
ஜூன் 3 முதல் 30 வரை 28 நாளில் 13 சிவப்பு. வாரவாரியாக 6, 3, 2, 2. நீலம் 8. செஷன்கள் இருபதும் முடிந்தன.

கடைசி இரண்டு வாரத்தில் நாலே நாள்! பதினோரு வருஷத்தில் இப்படி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை அம்மிச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரம்பரையோடு உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டேன். மேளச் சத்தம் கேட்டும் வலி வரவில்லை. கரண்ட் வேலை செய்கிறது என்று நம்புகிறேன்.

2024 ஜூலை 3
உடுமலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஏனுங்க, கத்திரியில எண்ணிட்டு காத்துக் காலத்துல கருவி வெச்சா கருவி ஜெயிக்காம என்ன பண்ணும்?”

இரண்டு நாளாக இதே நினைப்பு. அவர் சொல்வது சரி. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலை எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும், வெயிலின் உக்கிரம் போய்விடும். எனக்கு வெயில்தான் முதல் எதிரி. ஆக ஒரே மாதத்தில் மூன்று மாறியிருக்கின்றன: கரண்ட், காற்று, மாத்திரை. மூன்றும் சேர்ந்து குறைத்ததை ஒன்றின் பேரில் மட்டும் வரவு வைத்தேன். தறிக்கூடக் கணக்கில் இப்படி எழுதினால் தணிக்கையில் சிவப்பு மை விழும். நான்காவதாக இன்னொன்றும் இருக்கிறது, பொழுதோட இருபது நிமிடம் யாரும் கூப்பிடாமல் கண்ணை மூடி உட்காருவது. எனக்குக் கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு இருபது நிமிடம் கிடைத்ததில்லை.

வலி வராமலிருக்கப் போடும் தடுப்பு மாத்திரை மட்டும் ஜனவரியிலிருந்து ஒரே அளவு, அதில் மாற்றமில்லை.

2024 ஜூலை 7
மின்சாரத்தால் தலைவலி தீர்ப்பது புதுசா என்று ஒருவர் கேட்டார். கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், உயிருள்ள மின்மீனைத் தலைவலி இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மரத்துப்போகும் வரை வைக்க வேண்டுமாம். நம் பக்கம் சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நல்லவேளை.

2024 ஜூலை 28
ஜூலை 1 முதல் இன்று வரை கருவியைத் தொடவில்லை. 28 நாளில் 12 சிவப்பு, 7 நீலம்.

கருவியோடு 13, கருவியில்லாமல் 12. ராத்திரி இந்த இரண்டு எண்ணையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதக் கரண்டின் பலன் ஜூலையிலும் நீடிக்கிறது என்றும் சொல்லலாம். 2012 ஆய்விலும் பலன் உடனே தெரியவில்லை, பிற்பாடுதான் தெரிந்தது. கரண்ட் ஒன்றுமே செய்யவில்லை, காற்றும் மாத்திரைக் குறைப்பும்தான் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் இதே எண்கள் பொருந்துகின்றன. அப்படியென்றால் இந்த எண்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

நாளையிலிருந்து மூடிவைத்துச் சோதனை. கருவியில் போலி முறை ஒன்று இருக்கிறது: முதல் அரை நிமிடம் கரண்ட் ஏறி ஊசிக்குத்தல் தெரியும், பிறகு சத்தமில்லாமல் இறங்கிவிடும், கடிகாரம் மட்டும் இருபது நிமிடம் ஓடும். எட்டு வாரம், இரண்டிரண்டு வாரமாக நான்கு கட்டம். எது நிஜம், எது போலி என்று அண்ணன் மகன் சீட்டுக் குலுக்கி எடுத்து, கருவியில் வைத்து, திரையில் கருப்பு டேப் ஒட்டிவிட்டுத் திருப்பூர் போய்விடுவான். வரிசை எழுதிய கவர் மாமியாரின் டிரங்குப் பெட்டியில். மருத்துவரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 12
முதல் கட்டம்: 14 நாளில் 7 சிவப்பு. நன்றாகக் குத்தியது. நிஜம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டு அன்று காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டேன், மத்தியானமே வந்துவிட்டது. பசி பொறுக்காது என்று தெரிந்தும் விருந்துக்காரர்களைக் கவனிக்கும்போது மறந்துவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 26
இரண்டாம் கட்டம் 5. இதுவும் நிஜம் என்றே தோன்றுகிறது.

2024 செப்டம்பர் 9
மூன்றாம் கட்டம் 5. உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது, இது போலி. சந்தேகமே இல்லை.

2024 செப்டம்பர் 23
நேற்றோடு நான்காம் கட்டம் முடிந்தது, அதுவும் 5. நிஜம் என்று எழுதினேன். ராத்திரி சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, மாமியாரே கவரைப் பிரித்தார்.

போலி, நிஜம், நிஜம், போலி.

நான்கில் ஒன்றுதான் சரி. பூவா தலையா போட்டிருந்தால்கூட இரண்டு சரியாக வந்திருக்கும். சந்தேகமே இல்லை என்று எழுதிய மூன்றாம் கட்டத்தில் முழு இருபது நிமிடமும் கரண்ட் ஓடியிருக்கிறது. நன்றாகக் குத்தியது என்று நம்பிய முதல் கட்டத்தில் அரை நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.

நிஜக் கட்டங்கள் இரண்டும் சேர்ந்து 28 நாளில் 10. போலி இரண்டும் சேர்ந்து 12.

2024 செப்டம்பர் 25
“ரெண்டு நாள் குறைஞ்சிருக்கே, அப்ப வேலை செய்யுதுங்க” என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். நானும் அப்படி நம்பத்தான் ஆசைப்படுகிறேன், கருவிக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆடிப் பதினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது போலிக் கட்டத்தில் விழுந்தது. அன்றைக்கு நான் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தால் கணக்கு 10க்கு 11 ஆகியிருக்கும். ஒரு வேளை இட்லியில் பாதியாகிற வித்தியாசத்தை நம்பி உங்கள் அம்மாவுக்கு வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

கருவி வீண் என்றும் சொல்ல மாட்டேன். போலிக் கட்டத்துக்கு முந்தைய நிஜக் கரண்டின் மிச்சம் தொடர்ந்திருக்கலாம், இரண்டு வாரம் ஒரு கட்டத்துக்குப் போதாமலும் இருக்கலாம். ஒரே ஆளை வைத்து இதைத் தீர்க்க முடியாது, நூற்றுக்கணக்கானவர்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். மனச்சோர்வுக்கு வீட்டிலேயே டி.டி.சி.எஸ். கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் இருக்கின்றன என்பதையும் சொன்னார். ஒன்றில் பலன், இன்னொன்றில் போலிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இல்லை. நோயாளிகளும் மருத்துவர்களும் உண்மையாக இருந்தும் இப்படி வருகிறது.

2024 செப்டம்பர் 29
ஒன்று விட்டுப்போனது. நீலக் கோடுகளை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டு வாரத்தில் மொத்தம் 13. மே மாதம் ஒன்றில் மட்டும் 17 இருந்தது.

20 சிவப்பு 12க்கு இறங்கியபோது கருவி மாறி மாறி இருந்தது, இல்லாமல் இருந்தது. மாத்திரைக் குறைப்பு மட்டும் ஜூனிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் இருந்தது. காற்றின் பங்கு எவ்வளவு என்று அடுத்த கத்திரியில்தான் தெரியும், அதற்குள் எதுவும் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

2024 நவம்பர் 10
அக்டோபர்: 31 நாளில் 11 சிவப்பு, 6 நீலம். கருவி பீரோவில். காற்று நின்று ஒரு மாதம் ஆகிறது. தீபாவளிப் பட்டாசுப் புகைக்கு ஒரு நாள் போனது, அது எதிர்பார்த்ததுதான்.

இருபது நிமிடத்தை மட்டும் விடவில்லை. பொழுதோட ஆறரைக்குக் கூடத்து விளக்கை அணைத்து உட்கார்ந்துவிடுகிறேன், மாமியார் யாரையும் உள்ளே விடுவதில்லை.

தம்பி, நேற்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அம்மாவின் மாத்திரை அட்டைகளைத் தேடி எடுத்து எண்ணிப் பார்த்ததில் அக்டோபரில் 22 நாள் போட்டிருக்கிறார் என்று. கருவி எங்கே கிடைக்கும் என்பதற்குப் பதில் சொல்லாமல் இதைச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். அந்த 22ஐ ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு, நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், முதல் வாரம் அம்மா ரொம்பச் சிரமப்படுவார். ஜூன் 9ஆம் தேதி நான் எழுதியதை அப்போது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பத்தாம் தேதி எழுதியதையும்.

நாளை திங்கட்கிழமை. பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்குக் காலை பஸ்ஸில் போனால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள், வெளிச்சம் கண்ணில் அடிக்கும். சாப்பிடாமல் கிளம்ப விடாதீர்கள்.